இருபத்திரண்டு கற்களும் ஒரு வாளி உப்பும்

ஜூன் 14, சனி.
காலை 7.10: கடல்நீர்த் தொட்டியின் நீர் ஐந்து வாளிகளில் இறக்கப்பட்டது.
7.45: கற்கள் இருபத்திரண்டும் அந்நீரில் மூழ்க வைக்கப்பட்டன. வாளிகள் மூடப்பட்டன.
10.20: மேற்குத் தாம்பரம் வீட்டிலிருந்து வண்டி புறப்பட்டது.
10.55: வண்டலூர் அருகே வேகத்தடையில் மூன்றாம் வாளி கவிழ்ந்தது. அதில் இருந்தவை நான்கு கற்கள்.
11.50: கூடுவாஞ்சேரி வீட்டை அடைந்தோம்.
மாலை 6.40: உப்பு இல்லை என்பது தெரிந்தது.

கற்கள் என் மனைவியுடையவை. கடைகளில் லைவ் ராக் என்பார்கள். அவள் வெறுமனே கல்லு என்றாள். துளைகள் நிறைந்த சுண்ணாம்புக் கற்கள். துளைகளுக்குள் நுண்ணுயிரிகளும் புழுக்களும் பாசியும் குடியிருக்கின்றன. தொட்டியின் கழிவை அவையே தீர்க்கின்றன. அவள் இறந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. மீன்களை முதல் மாதமே கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கற்களுக்கு மட்டும் வாரம் இருமுறை ஒரு சிட்டிகை தீனி போட்டுவந்தேன். பதினோரு ஆண்டுகள் அவள் உயிரோடு வைத்திருந்தவை என் கையில் ஒரே நாளில் செத்துவிடக் கூடாது. அன்று எனக்கிருந்த கவலை அது ஒன்றுதான். வீடு மாறுவது பற்றி வேறு கருத்து எதுவும் இருக்கவில்லை.

முன்பு சேலையூரிலிருந்து மேற்குத் தாம்பரம் வந்தபோது அவள் நோட்டில் எழுதிவைத்திருந்தாள்: “கல்லு காயக் கூடாது. பழைய தண்ணியிலயே கொண்டுபோகணும். போனதும் மோந்து பாக்கணும். கடல் வாசம் வந்தா சரி. அழுகின முட்டை வாசம் வந்தா அதைத் தனியா எடுத்துடணும். இல்லேன்னா மத்ததையும் கெடுத்துடும்.”

சரக்கு ஏற்ற வந்தது குட்டியானை எனப்படும் சிறு வண்டி. அதன் ஓட்டுநர் ஒரு மூடியைத் திறந்து பார்த்தார்.

“இன்னா சார், கல்லப் போயி தண்ணில ஊற வெச்சு எடுத்துகினு போற?”

“அதுக்கு உயிர் இருக்குப்பா.”

“உயிர் கீதா? அப்போ அத்த முன்னாடி சீட்ல குந்த வை. நான் பின்னாடி போயி குந்திக்கிறேன்.”

வாளி கவிழ்ந்ததும் அவர் வண்டியை ஓரம் கட்டினார். மற்ற வாளிகளில் இடமில்லை. நான்கு கற்களையும் செய்தித்தாளில் சுற்றி, உப்புநீர் தெளித்து, மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

பள்ளிக்கரணையிலிருந்து என் மனைவியின் தங்கை உதவிக்கு வந்திருந்தாள். வருடம் திரும்பாததால் பால் காய்ச்ச வேண்டாம், புதிதாக வாங்கிய உப்பும் மஞ்சளும் வைத்தால் போதும் என்றாள். வைத்தோம். மாலையில் தொட்டியை நிலைநிறுத்தி, இழந்த நீருக்கு ஈடாகப் புதுநீர் கலக்க தொட்டிக்கான உப்பு வாளியைத் தேடினேன். அது எங்கும் இல்லை.

“அந்த வெள்ளை வாளியா மாமா? பழைய உப்பைப் புது வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாதுன்னு கீழ் வீட்டம்மாகிட்ட குடுத்துட்டேனே.”

கீழ் வீட்டம்மா என்பவர் பழைய வீட்டின் உரிமையாளர். தொலைபேசியில் அழைத்து, ஆள் அனுப்புகிறேன், வாளியைக் கொடுத்துவிடுங்கள் என்றேன்.

“விளக்கு ஏத்திட்டேனே சார். இதுக்கு மேல உப்பு வெளிய குடுக்க மாட்டோம். காலைல வாங்க.”

“அது சமையல் உப்பு இல்லம்மா. மீன் தொட்டிக்குப் போடறது.”

“வாயில வெச்சா கரிக்குமா, கரிக்காதா?”

“கரிக்கும்.”

“அப்ப உப்புதான் சார்.”

முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தேன். சமையல் உப்பில் சோடியமும் குளோரினும்தான். தொட்டி உப்பில் கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்திருக்கின்றன என்று விளக்கியிருக்கலாம். சரிம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். காற்றடிக்கும் சிறு மோட்டார்களின் குழாய்களை வாளிகளில் இறக்கினேன். நான்கு கற்களின் தாள்களை மீண்டும் நனைத்தேன். மைத்துனி மோட்டார் சத்தத்தைக் கேட்டபடி சமையலறை வாசலிலேயே நின்றிருந்தாள்.

ஞாயிறு காலை முதல் மின்ரயிலில் தாம்பரம் போய் வாளியோடு திரும்பினேன். கால்வாசி குறைந்திருந்தது. உப்பு மாங்காய் போட்டதாக அந்த அம்மா மகிழ்ச்சியோடு சொன்னார். சாப்பிட வேண்டாம் என்றேன். சிரித்தார்.

உப்பைக் கரைத்து, அளவு பார்த்து, தொட்டி தயாரானபோது பத்து மணி. இனி நோட்டின்படி மோந்து பார்க்க வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு காய்ச்சலோடு என் மூக்கு வாசனை அறியும் திறனை இழந்துவிட்டது. காப்பியும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒன்றே. இதை மைத்துனியிடம் சொன்னேன்.

“குடுங்க மாமா, நான் பாக்கறேன்” என்றாள். அவள் மீன்கடை இருக்கும் தெருப்பக்கமே போகாதவள். முந்தானையைத் தோளில் இறுக்கிச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கற்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். முதல் கல்லை முகத்தருகே கொண்டுபோனவள் அதைக் கீழே வைக்கவில்லை.

“கெட்டுப்போச்சா?”

“இல்ல மாமா. அக்கா ரூம் வாசம்.”

தொட்டி இருந்த அந்த அறையில் அப்படி ஒரு வாசம் இருந்ததை நான் மறந்திருந்தேன். அடுத்த கல்லை எடுத்துக் கொடுத்தேன். அவள், “இதுவும்” என்றாள். பிறகு, “இதுவும்.” நான் ஒவ்வொன்றையும் தொட்டியில் இறக்கினேன். தாளில் சுற்றிய நான்கில் மூன்று தேறின. கடைசிக் கல் உள்ளங்கை அளவு, ஊதா நிறம் படர்ந்தது. அதை மோந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மறுபடி ஒருமுறை மோந்து பார்த்தாள்.

“இது போயிடுச்சு மாமா. நான் மட்டும் உப்பைக் குடுக்காம இருந்திருந்தா...”

அக்கல் வண்டியிலேயே காய்ந்திருக்கலாம். உப்புக்கும் அதற்கும் தொடர்பில்லாமலிருக்கலாம். அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொள்ளக் கொடுத்தேன். மாலையில் அவள் பள்ளிக்கரணைக்குப் புறப்பட்டுப் போனாள்.

இன்னும் செய்யாதவை:

உப்பு மாங்காயைக் கொட்டிவிடும்படி கீழ் வீட்டம்மாவுக்கு மீண்டும் சொல்வது.
கல் போனது உன்னால் அல்ல என்று மைத்துனிக்குச் சொல்வது.
நோட்டில் இந்த முறை வீடு மாறியதை எழுதுவது.
பால்கனியில் மூடி வைத்திருக்கும் அந்த ஒரு கல்லை வெளியே போடுவது.