லோவெல் கெஸிங்கரின் மீன் விருந்து

லோவெல் கெஸிங்கர் ஜூலை மாத வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவார். எங்கள் தெருவில் அதைக் கவனித்தவன் அநேகமாக நான் ஒருவன்தான். காரணம் தெரிந்தவனும் நான்தான்.

ஊருக்கு வெளியே மூடிப்போன துணிக்கடைக் கட்டடத்தில் பிளாஸ்மா எடுக்கும் நிலையம் ஒன்று வந்து மூன்று வருடமாகிறது. நான் அங்கே முன்மேசையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களின் எடை, உடல்சூடு, நாடித்துடிப்பு பார்த்துக் கணினியில் ஏற்றி உள்ளே அனுப்புவேன். உள்ளே ஊசி குத்தி இரத்தத்தை இயந்திரத்தில் சுற்றவிட்டு, மஞ்சளாக ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு மிச்சத்தை உடம்புக்கே திருப்பி அனுப்புவார்கள். வாரத்துக்கு இரண்டு முறை கொடுக்கலாம். இதைத் தானம் என்றுதான் சொல்ல வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். தானம் கொடுத்தவரின் அட்டையில் பணம் ஏறும்.

லோவெல் செவ்வாயும் வியாழனும் வருவார். காரைப் பின்பக்கம், குப்பைத்தொட்டிகளை ஒட்டி நிறுத்துவார். போகும்போது முழங்கை மடிப்பில் சுற்றிய நீலப் பட்டையைக் கழற்றி அந்தத் தொட்டியிலேயே போட்டு, சட்டைக்கையை இறக்கிப் பொத்தான் மாட்டிய பிறகுதான் காரை எடுப்பார்.

கார் விளக்கு செய்யும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் இருந்தவர். கடைசி ஒன்பது வருடம் மேற்பார்வையாளர். அவர் தலையசைத்தால் நாற்பது பேர் வேலையை ஆரம்பிப்பார்கள். சொந்த வீடு. இரண்டு பெண்களையும் கல்லூரிக்கு அனுப்பினார். பத்தொன்பது அடியில் ஓர் அலுமினியப் படகு, அதன் பின்புறத்தில் மனைவி டார்லீனின் பெயர். தொழிற்சாலையைக் கூலி குறைவென்று தெற்கே மாற்றிவிட்டார்கள். அதன்பின் பலகைக் கடையில் பாதிச் சம்பளத்துக்கு நின்றார், பிறகு அதுவும் வாரத்துக்கு மூன்று நாளாகச் சுருங்கியது. டார்லீன் முதியோர் இல்லத்துச் சமையலறைக்கு வேலைக்குப் போனார். ஆனால் கெஸிங்கர் வீட்டுப் புல் மட்டும் எப்போதும் ஒரே உயரத்தில் இருந்தது.

மீன் விருந்தும் நிற்கவில்லை. சுதந்திர தினமான ஜூலை நான்காம் தேதிக்கு அடுத்த சனிக்கிழமை, ஈரி ஏரியில் தான் பிடித்த பெர்ச் மீனைத் தன் வீட்டுக் கார்ப்பாதையில் பெரிய பானை வைத்துப் பொரித்துத் தெருவுக்கே போடுவார். இருபத்திரண்டு வருடமாக. உருளைக்கிழங்கு சாலட், கோஸ் சாலட், வெள்ளை ரொட்டி, பீர், யார் எதை வேண்டுமானாலும் கொண்டுவரலாம். மீன் மட்டும் யாரும் கொண்டுவரக் கூடாது. யாரும் சொல்லி வைத்த சட்டமில்லை. ஆனால் எங்கள் தெருவில் அந்த விருந்துக்கு மீனோடு வருவது அவர் முகத்தில் தட்டை எறிவதற்குச் சமம்.

இருபத்து மூன்றாவது விருந்துக்கு முந்தின வியாழக்கிழமை அவர் நாற்காலியில் உட்கார்ந்தபோது நாடி நூற்றுப் பன்னிரண்டு ஓடியது. நூறுக்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. அவருக்கு எப்போதும் விளிம்பில்தான் ஓடும். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"கொஞ்ச நேரம் உக்காருங்க, மிஸ்டர் கெஸிங்கர். ஆற அமர மூச்சு விட்டுட்டு மறுபடி பாக்கலாம்."

"நேரமில்ல தம்பி. மீன் கடைக்காரன் அஞ்சு மணிக்குக் கதவடைச்சிருவான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது.  துருவிக் கேட்கிற சுபாவம் எனக்கில்லை.

"படகை வித்தாச்சு," என்றார் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு. "போன அக்டோபர்ல. எழுபது மைல் தள்ளிப் போய் வித்தேன், இங்க யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னு. படகு ஏரிப் படகுத்துறையில நிக்குதுன்னுதான் தெருவுக்குச் சொல்லியிருக்கேன். இந்த ஒரு வருஷம், தம்பி. இந்த வருஷம் போட்டுட்டா, அடுத்த வருஷம் முதுகு வலின்னு சொல்லி நிறுத்திக்கலாம். நானா நிறுத்தினதா இருக்கும்."

இரண்டாம் முறை பார்த்தேன். நூற்று நான்கு. திரையை அவரும் பார்த்தார். நான் தொண்ணூற்றெட்டு என்று ஏற்றினேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது, ஒரு மனிதருக்கு நல்லது செய்துவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை தெருவில் எண்ணெய் வாசம். பெரிய தட்டில் மாவு தோய்த்த மீன் துண்டுகள் இருந்தன. கடையில் வாங்கும் துண்டு இயந்திரத்தில் வெட்டியதுபோலச் சீராக இருக்கும். இவை ஓரம் பிசிறிக் கிடந்தன. அங்கங்கே ஒரு முள். கையால் வெட்டியது போலத் தெரிய வேண்டுமென்று மனிதர் நேரம் எடுத்துக் கெடுத்து வைத்திருந்தார்.

"பூராவும் நீயே புடிச்சதா லோவெல்?" என்றாள் அடுத்த வீட்டு பாட்டி மெக்கார்டில், வாயில் மீனோடு. பாட்டி என்பது அவள் பெயர், வயது நாற்பதுதான், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.

"பின்ன, அதுவா நடந்து வந்து கதவைத் தட்டுச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். லோவெல் சட்டைக்கைப் பொத்தானோடு, வியர்வை வழிய, கரண்டியைச் சுழற்றினார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. தொழிற்சாலையில் நாற்பது பேருக்கு முன்னால் இப்படித்தான் நின்றிருப்பார் போல.

அப்போதுதான் பிரென்ட் வோகலின் வண்டி தெருமுனையில் திரும்பியது. பிரென்ட் எங்கள் தெருவில் வளர்ந்தவர், இப்போது ஏரிக்கரையில் இருக்கிறார். கடனில் முழுகிய வீடுகளை வாங்கி வாடகைக்கு விடுவது தொழில். எங்கள் தெருவின் இருபது வீட்டில் ஒன்பது அவருடையது. நானும் அம்மாவும் இருப்பதும் அதில் ஒன்றில்தான். பதினெட்டு வயதில் ஒரு கோடை முழுக்க லோவெலின் கீழே வேலை பார்த்தவர். ஒருநாள் ஏழு நிமிடம் தாமதமாக வந்ததற்கு லோவெல் எல்லோர் முன்னிலையிலும் வீட்டுக்கு அனுப்பினார். அதை இன்றைக்கும் பிரென்ட் சிரித்துக்கொண்டே சொல்வார்.

வண்டிக்குப் பின்னால் ஒரு படகு வந்தது. கார்ப்பாதைக்கு நேராக நிறுத்தினார். பின்புறத்துப் பெயரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்கள். ஆனால் சாய்ந்த வெயிலில் டார்லீன் என்ற எழுத்துகள் தழும்பு மாதிரித் தெரிந்தன. தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த டார்லீன் அதைப் பார்த்துவிட்டு, அடுக்கியதையே மறுபடி அடுக்கினார்.

"லோவெல், உன் படகு படகுத்துறையிலதானே இருக்கு?" என்றார் பிரென்ட்.

"ஆமா."

"அப்ப இது அதோட தம்பியா இருக்கும்." படகின் விலாவைத் தட்டினார். "காகிதத்துல முன்னாடி இருந்த சொந்தக்காரர்னு உன் பேரு போட்டிருக்கு. நம்ம ஆளு பொருளு வெளியூர்க்காரன் கைக்குப் போவானேன்னு நானே எடுத்துக்கிட்டேன்."

 பாட்டி மெக்கார்டில் பல்லிடுக்கிலிருந்து ஒரு முள்ளை எடுத்து, விரல் நுனியில் வைத்துப் பார்த்தாள்.

"அப்ப இந்த மீனு?"

"அது எந்தக் கடையோ," என்ற பிரென்ட், படகிலிருந்து ஐஸ் பெட்டியை இறக்கித் திறந்தார். முழு மீன்கள், கண் திறந்தபடி. "அசல் இங்க இருக்கு. அறுபது. எனக்கு இந்தக் கத்தி வேலை வராது, உன் கை மாதிரி இந்தத் தெருவுல கை கிடையாது. சும்மா வேணாம், மீனுக்கு ஒரு டாலர் தர்றேன். நேரத்துக்கு முடிச்சிரு, என்ன. லேட் பண்ணா வீட்டுக்கு அனுப்பிருவேன்."

அந்தப் பழைய கதை தெரிந்தவர்கள் சிரித்தார்கள். லோவெலும் சிரித்தார்.

"விடு லோவெல்," என்றார் டார்லீன் மெதுவாக.

மாட்டேன் என்று சொல்லியிருந்தால் கார்ப்பாதையில் பத்துப் பேருக்கு முன்னால் அவர் கோபித்துக்கொண்டவராகியிருப்பார். சரி என்றால் அதை ஒரு விளையாட்டாக ஆக்கிவிடலாம் என்று எண்ணியிருக்க வேண்டும். "கொண்டா இப்படி," என்று கத்தியை எடுத்தார். முப்பது வருடப் பழக்கம். மீன் அறுப்பதற்கு முன்னால் கை தானாகச் சட்டைக்கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டது.

இரண்டு மடிப்பிலும் குழிகுழியாக வடு. வியாழக்கிழமை குத்தின இடம் இன்னும் பச்சையாக இருந்தது.

"என்னய்யா இது, கொசுவா?" என்று குனிந்த பிரென்ட் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "வெஸ்லி, நீ அந்த ரத்தம் எடுக்கிற இடத்துலதானே வேலை பாக்குற? இவரு அங்க வர்றாரா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். சொல்லக் கூடாது என்பது எங்கள் வேலை விதியும்கூட. அம்மா பிரென்டையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். நான் உருளைக்கிழங்கு சாலட்டைப் பார்த்தேன். என் காது இரண்டும் சூடாகிச் சிவப்பது எனக்கே தெரிந்தது. அதற்குமேல் யாருக்கும் பதில் தேவைப்படவில்லை.

"செவ்வாய், வியாழன் பலகைக் கடையில கூடுதல் நேரம்னியே," என்றார் டார்லீன். படகு விற்றது அவருக்குத் தெரியும். இது தெரியாது.

"மீன் ஆறுது," என்றார் லோவெல். "சாப்பிடுங்க எல்லாரும்."

சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். ஐம்பது நிமிடத்தில் அறுபது மீனையும் அறுத்து முடித்தார். ஒரு துண்டில்கூடப் பிசிறு இல்லை, ஒரு முள் இல்லை. பிரென்ட் மூன்று இருபது டாலர் நோட்டை நீட்டினார். லோவெல் கையைத் துண்டில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். "சரியான நேரம்," என்று பிரென்ட் அவர் தோளைத் தட்டினார்.

செவ்வாய்க்கிழமை லோவெல் காரை முன்வாசலில் நிறுத்தினார். அரைக்கைச் சட்டை. நாடி அறுபத்தெட்டு. இத்தனை மாதத்தில் அவரிடம் நான் பார்த்த மிகக் குறைந்த எண். எனக்கு வணக்கம் சொன்னார், திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவருக்குப் பின்னால் டார்லீன் நின்றுகொண்டிருந்தார், கைப்பையை வயிற்றோடு அணைத்தபடி.

"புது ஆளுக்கு முதல் மாசம் கூடக் குடுக்கிறாங்கன்னு வாசல்ல எழுதியிருக்கே," என்றார். "நிஜமாவா?"

"ஆமாம், மேடம்."

எடைக் கருவியில் ஏறச் சொன்னேன். காலணியைக் கழற்றப் போனவரிடம், "வேணாம், போட்டுக்க," என்றார் லோவெல். நூற்று ஏழு பவுண்டு. நூற்றுப் பத்து இருக்க வேண்டும். எடை குறைந்தவர்கள் நாற்காலியிலேயே மயங்கி விழுவதை நான் பார்த்திருக்கிறேன்.

"மூணு பவுண்டு குறையுது," என்றேன். "முடியாது."

லோவெல் மேசைமேல் கையை ஊன்றி என் பக்கம் சாய்ந்தார். குரலில் கெஞ்சலே இல்லை. தொழிற்சாலையில் பேசியிருப்பாரே, அந்தக் குரல்.

"அன்னைக்கு எனக்கு ஒரு எண் போட்டியே, தம்பி. உங்க மேனேஜர் உள்ளதான் இருக்காரா?"

டார்லீன் கருவியைவிட்டு இறங்காமல் நின்றார், எண் மாறுவதற்குக் காத்திருப்பவரைப் போல. நான் நூற்றுப் பதினொன்று என்று ஏற்றி, உள்ளே போகும் கதவைத் திறந்துவிட்டேன்.