உடும்பு கையெழுத்துப் போட்ட பன்னிரண்டு டன்

முதல் அடி வாங்கியபோது அவருக்கு முப்பத்தோரு வயது. பாக்கி கேட்டுப் போன இடத்தில், மோட்டார் கடைக்காரர் ஒருவர் பேச்சை முடிப்பதற்காக இரும்புக் கேட்டை இழுத்துச் சாத்தினார். கேட்டுக்கும் தூணுக்கும் நடுவில் அவருடைய இடது கை இருந்தது. இரண்டு நகங்கள் பிய்ந்து விழுந்தன. அவர் கத்தவில்லை. மறு கையால் கேட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். கடைக்காரர் சாப்பாட்டுக்குப் போக வேண்டுமென்றால் அந்தக் கேட்டைத் திறந்துதான் ஆக வேண்டும். இரண்டரை மணிக்குத் திறந்தார். பணத்தோடுதான் திறந்தார்.

அன்றிலிருந்து கடைவீதியில் அவருக்கு உடும்பு என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராக. ஒரு நாள் தொலைபேசியை எடுத்து அவரே "உடும்பு பேசறேன்" என்று சொன்னார். அதோடு கிண்டலில் இருந்த ருசி போய்விட்டது.

காப்பர் கம்பி மொத்த வியாபாரம் செய்யும் கம்பெனியில் கடன் பிரிவு அவருடையது. பிரிவு என்றால் ஒரு மேசை, ஒரு அலமாரி, அவர். ஆலையிலிருந்து கம்பி வரும். மோட்டார், பம்ப், மின்விசிறி செய்பவர்கள் நாற்பத்தைந்து நாள் தவணையில் வாங்கிப் போவார்கள். யாருக்கு எவ்வளவு தரலாம் என்று முடிவு செய்வதும், தந்தது திரும்பாவிட்டால் போய் நிற்பதும் அவர் வேலை.

வாங்க வருபவரின் காரையும் சோபாவையும் அவர் பார்க்க மாட்டார். பின்பக்கம் போவார். கழிவுக் குவியல் இந்த வாரத்துடையதா, போன வருடத்துடையதா என்று காலால் கிளறிப் பார்ப்பார். வாட்ச்மேனிடம் சம்பளம் வந்ததா என்று கேட்பார். கடைசியாக, தெருப்பக்கச் சுவரில் இருக்கும் மின்சார மீட்டருக்கு முன்னால் நின்று யூனிட்டைக் குறித்துக்கொள்வார். அடுத்த மாதம் அதே தேதியில் மறுபடி வருவார். கணக்குப் புத்தகம் பொய் சொல்லும், கரண்ட் சொல்லாது என்பது அவர் கட்சி. ஒரு மின்விசிறி செய்ய எத்தனை யூனிட் ஆகும் என்று வகுத்துக் கொடுத்தது அவருடைய மகள். எலெக்ட்ரிகல் படித்தவள்.

இத்தனை பார்த்தும் வருடத்துக்கு ஒருவர் இருவர் நழுவுவார்கள். அப்போதுதான் அடி. நாயை அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள். கொதிக்கும் வார்னிஷ் தெளித்திருக்கிறார்கள். மாடிப்படியிலிருந்து தள்ளியதில் இரண்டு விலா எலும்பு போனது. ரத்தச் சட்டையை ஊறவைத்துக்கொண்டே மனைவி, இவர் சம்பளம் சட்டைத் துணிக்கே சரியாகப் போகிறது, துணிக்கடையிலாவது கடன் வாங்கித் தொலைக்கக் கூடாதா என்று கேட்பாள். கடன் வாங்குகிறவனை எனக்குப் பிடிக்காது என்பார் அவர்.

ஆறாவது முறை அவர் திருப்பி அடித்தார். பம்ப் கம்பெனிக்காரர் ஒருவர், பத்துப் பேருக்கு முன்னால் முகத்தில் துப்பிவிட்டார். அவர் முகத்தைத் துடைக்கவில்லை. அந்த ஆளின் வலது கையை மேசைமேல் பிடித்து அழுத்தி, பித்தளைப் பேப்பர் வெயிட்டை எடுத்து மூன்று முறை இறக்கினார். மூன்று விரல் உடைந்தது. போன வேலை முடிந்தது. அங்கேயே காசோலை வந்தது. இடது கையால் கையெழுத்துப் போட்ட காசோலை. கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கி திருப்பி அனுப்பிவிட்டது. அந்தப் பாக்கி கடைசிவரை வரவில்லை. கம்பெனியில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவர் சிரித்ததில்லை. அன்றிரவு சாப்பிடாமல் படுத்தார் என்று மட்டும் வீட்டில் தெரியும்.

மின்விசிறிக் கம்பெனிக்காரர் எட்டு வருட வாடிக்கை. நாற்பது வயது, எப்போதும் சிரித்த முகம், எல்லோரையும் அண்ணே என்று கூப்பிடுகிற ஆள். மாதம் நான்கு டன் வாங்கிக்கொண்டிருந்தவர், பெரிய ஆர்டர் வந்திருக்கிறது, பன்னிரண்டாக ஏற்றிக் கொடுங்கள் என்று கேட்டார். உடும்பு மூன்று மாதம் இழுத்தடித்தார். மூன்று மாதமும் மீட்டரைப் பார்த்தார். மூவாயிரம் யூனிட் ஓடிக்கொண்டிருந்தது முதல் மாதம் ஐயாயிரம் ஆனது, அடுத்து ஏழாயிரம், அடுத்து ஒன்பதாயிரத்து முந்நூறு. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் உறுமும் சத்தமும் கேட்டது. பன்னிரண்டு டன்னுக்குக் கையெழுத்துப் போட்டார்.

நாற்பத்தாறாம் நாள் காசோலை திரும்பியது. போன் அணைந்திருந்தது. வியாழக்கிழமை காலை அவர் நேரில் போனார். மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தெருச் சுவரில் கை வைத்தார், சுட்டது.

பன்னிரண்டு டன் வந்து இறங்கியதிலிருந்து சம்பளம் பார்க்காத வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டார். உள்ளே ஆள் இல்லை. இரண்டு வைண்டிங் மெஷின் கம்பி இல்லாமல் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. மற்றபடி ஷெட் முழுக்க ஹீட்டர். வரிசையாக இருபத்து நான்கு கம்பிச் சுருள், சிவக்கச் சிவக்க, எதையும் காய்ச்சாமல் எரிந்துகொண்டிருந்தது.

"உங்களுக்காகத்தான் சார் போட்டாரு. உடும்பு மீட்டரத்தான் பார்ப்பாரு, அவருக்கு மீட்டர் ஓடணும்னாரு. அந்தக் கரண்ட் பில்லும் கட்டல" என்றார் வாட்ச்மேன்.

ஏழு டன் கம்பி சீல் உடைக்காமலே பாதி விலைக்குக் கைமாறிவிட்டது. மிச்சம் ஐந்து டன், ஐம்பத்தொரு மர ஸ்பூல் உருளைகளில் சுற்றியபடி, பின்கட்டில் பூட்டிக் கிடந்தது. அதை எடுக்கச் சனிக்கிழமை மதியம் வேறொரு லாரி வரப்போகிறது என்றும் வாட்ச்மேன் சொன்னார்.

முதலாளி கத்துகிற ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆலைக்காரர்கள் எழுதிய கடிதத்தை மேசைமேல் தள்ளினார். பன்னிரண்டு டன்னுக்குப் பணம், முடியாவிட்டால் சனிக்கிழமை ஐந்து மணிக்குள் ஐந்து டன் கம்பியாவது திரும்பி வர வேண்டும். மீதிக்குத் தவணை தருவார்கள். ஒரு கிலோ குறைந்தாலும் தங்களிடம் அடகில் இருக்கும் குடோனைப் பூட்டிவிடுவார்கள். கம்பெனியில் முப்பத்து நான்கு பேர் வேலை செய்தார்கள்.

"போட்ட கையெழுத்து உங்களோடது. நீங்களே கொண்டு வந்துடுங்க" என்றார் முதலாளி.

பணம் கட்டி முடிக்கும்வரை சரக்கு விற்றவருடையது என்று பில்லின் பின்பக்கம் அச்சடித்திருக்கும். அதைக் காவல் நிலையத்தில் காட்டினார். இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள். கோர்ட் திங்கட்கிழமைதான் திறக்கும்.

சனிக்கிழமை பத்து மணிக்கு லாரியோடு போனார். டிரைவர், சுமை ஏற்றுகிறவர்கள் நான்கு பேர். பின்கட்டுப் பூட்டை அவரே கடப்பாரையால் உடைத்தார். ஒரு ஸ்பூல் நூறு கிலோவுக்கு மேல். லாரிக்குப் பலகை சாய்த்து ஒவ்வொன்றாக உருட்டி ஏற்ற வேண்டும். முப்பத்தொன்று ஏறியிருந்தது. முப்பத்திரண்டாவது பலகையின் பாதியில், கட்டை முட்டுக் கொடுத்து நின்றிருந்தது. அப்போது கார் வந்து நின்றது.

மின்விசிறிக்காரரும் அவருடைய இரண்டு மச்சான்களும் இறங்கினார்கள். மச்சான்கள் கையில் இரும்புக் குழாய். சுமைக்காரர்கள் சுவர் ஏறிக் குதித்துவிட்டார்கள். உடும்பும் டிரைவரும் நின்றார்கள்.

"அண்ணே, இறக்கி வெச்சிடுங்க. நமக்குள்ள எதுக்கு?"

"நமக்குள்ளதான் பன்னிரண்டு டன் இருக்கு."

முதல் அடி உடும்பின் தோளில் விழுந்தது. காரை எலும்பு முறிந்து சட்டைக்குள் துருத்தியது. இரண்டாவது அடி முழங்காலில். அவர் பலகையில் சாய்ந்து, ஸ்பூலுக்கு அடியில் இருந்த முட்டுக்கட்டையைக் காலால் தட்டிவிட்டார். ஸ்பூல் இறங்கியது. சின்ன மச்சான் விலகப் பார்த்துக் கால் இடறி விழுந்தான். ஸ்பூல் அவன் கணுக்கால்மேல் ஏறி, சுவரில் முட்டி, அங்கேயே நின்றுவிட்டது. காய்ந்த விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம்.

பெரிய மச்சான் தலையில் அடித்தான். அவர் விழவில்லை. ஓங்கிய குழாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். அவன் இழுத்தான், உதைத்தான், முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தரையோடு தேய்த்து இழுத்துப் போனான். பிடி விடவில்லை. அவன் விரலைக் கடித்தார். வாயெல்லாம் ரத்தம், அதில் எது யாருடையது என்று தெரியாது. டிரைவர் ஜாக்கி லீவரை எடுத்துவந்து பெரிய மச்சானின் மணிக்கட்டில் போட்டதும் குழாய் கீழே விழுந்தது.

மின்விசிறிக்காரர் அதுவரை ஒருவரையும் தொடவில்லை. இப்போது கையெடுத்துக் கும்பிட்டார். ஸ்பூலைத் தூக்கச் சொன்னார். அதை நகர்த்த மூன்று பேர் வேண்டும். டிரைவர் உடும்பின் முகத்தைப் பார்த்தார்.

"மிச்சத்த ஏத்திட்டு இதக் கடைசியா எடுப்போம்" என்றார் உடும்பு.

சத்தம் அடங்கியதைப் பார்த்துச் சுமைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். பத்தொன்பது ஸ்பூல். இருபத்தைந்து நிமிடம். சின்ன மச்சான் முதலில் வசைபாடினான், பிறகு அம்மாவைக் கூப்பிட்டான், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு இருபத்து மூன்று வயது. அவர் டிரைவரின் லீவரை வாங்கிக் குறுக்கே பிடித்தபடி நின்றுகொண்டு, ஏறுகிற ஒவ்வொரு ஸ்பூலையும் வாய்விட்டு எண்ணினார். ஐம்பத்தொன்றாவதாக அவன் காலிலிருந்த ஸ்பூலை எடுத்தார்கள். இதை அவர் வீட்டில் சொல்லவில்லை. டிரைவர் சொன்னார்.

எடைமேடைக்குப் போகும் வழியில் இரண்டு முறை வாந்தி எடுத்தார். மருத்துவமனைக்குத் திருப்பட்டுமா என்று டிரைவர் கேட்டதற்கு, எடைச் சீட்டு வாங்காமல் திருப்பினால் குதித்துவிடுவேன் என்றார். நாலே காலுக்கு ஆலை வாசலில் லாரியை ஒப்படைத்தார். கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கியவர், எங்கே போட வேண்டும் என்று இரண்டு முறை கேட்டார். அப்படியே மேசைமேல் கவிழ்ந்தார்.

மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, ஏழு மணிக்குத் திறந்து எடுக்க வேண்டும் என்றார்கள். ஆறு மணிக்கு அவருக்கு நினைவு திரும்பியது. மகள் கட்டில் அருகில் நின்றாள்.

"ஹீட்டர்னு நான் எப்படிம்மா கண்டுபிடிச்சிருக்க முடியும்?"

மீட்டரில் ஒரு பொத்தான் இருக்கிறது. ஒரு முறை அழுத்தினால் யூனிட். இன்னும் இரண்டு முறை அழுத்தினால் பவர் ஃபேக்டர், கரண்ட் எந்த மாதிரி வேலைக்குப் போகிறது என்று காட்டிக்கொடுக்கும் எண். மோட்டார் ஓடுகிற இடத்தில் அது புள்ளி எட்டு காட்டும். வெறும் ஹீட்டர் எரிந்தால் ஒன்று காட்டும், அச்சுப் பிசகாமல் ஒன்று. கூட இரண்டு மெஷின் சும்மா சுற்றினால் புள்ளி ஒன்பது ஒன்பது காட்டலாம். புள்ளி எட்டு காட்டாது. மகளுக்கு இது பத்தொன்பது வயதிலிருந்து தெரியும். எதற்கு யூனிட்டைக் குறிக்கிறார் என்றும் தெரியும். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். அவரிடம் பொய் சொல்லித் தப்பியவர்கள் குறைவு. உள்ளபடியே சொன்னாள்.

அவர் கட்டைவிரலால் கட்டில் கம்பியை இரண்டு முறை அழுத்தினார்.

"அப்ப இன்னும் ரெண்டு தடவ அழுத்தணும். இத முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம்.

ஆறரைக்கு முதலாளி வந்தார். எடை போட்டாகிவிட்டது, ஐந்து டன் தாண்டியது, ஆலைக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள் என்று குனிந்து சொன்னார். உடும்பு அவர் சட்டைக் கையைப் பிடித்தார்.

"மரத்தக் கழிச்சாங்களா?"

முதலாளி சீட்டை எடுத்துப் படித்தார். மொத்தம் ஐயாயிரத்து இருநூற்று இருபத்து நான்கு. ஐம்பத்தொரு மரத்துக்கு, நாலு நாலு கிலோ, இருநூற்று நான்கு. போக ஐயாயிரத்து இருபது.

"இருபது கிலோ கூடவே இருக்கு" என்றார் உடும்பு. சட்டையை விட்டார். மயக்க மருந்து கொடுக்க அழைத்துப் போனார்கள். அதன்பிறகு அவர் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு இறந்தார்.

சின்ன மச்சானுக்கு அதே மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் காலை எடுத்தார்கள். மின்விசிறிக்காரரை இன்னும் தேடுகிறார்கள்.

அடக்கம் திங்கட்கிழமை. கம்பெனி ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பதினொரு மணிக்கு முதலாளியின் போன் அடித்தது. ஆலையிலிருந்து புது லோடு வந்து குடோன் வாசலில் நிற்கிறது, இறக்க ஆள் வேண்டும். அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். உடும்பின் மனைவி அவரைப் பார்த்துப் போகச் சொன்னாள்.

"போய் இறக்குங்க. இதுக்காகத்தானே படுத்திருக்காரு."

பன்னிரண்டு பேர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.