நான்சி டீச்சரின் ரிப்பீட்டர்

இலுப்பூரில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் நான்சிக்கு, வயர்லெஸ்ஸில் பொழுதுபோக்காகப் பேசும் ஹாம் ரேடியோ உரிமம் கிடைத்ததிலிருந்து ஒரே ஆசை. தங்கள் பக்கத்துக்கு ஒரு ரிப்பீட்டர் வேண்டும். கையில் வைத்துப் பேசும் வயர்லெஸ்ஸின் குரல் கொஞ்ச தூரத்திலேயே தேய்ந்துவிடும். உயரத்தில் இருக்கும் ரிப்பீட்டர் அதை வாங்கி, அந்த நொடியே பலமாகத் திருப்பி அனுப்பும்.

மின்வாரியத்தில் வேலை பார்க்கும் ஆவுடையப்பனும் ஹாம்தான். புதிதாகவே வாங்கிவிடலாம் என்றார். நான்சி கேட்கவில்லை. மூடிப்போன கால்டாக்சி கம்பெனியின் வயர்லெஸ் செட்டுகள் இரண்டைத் திருச்சியில் பழைய சாமான் கடையில் பிடித்து வந்தாள். ஒன்று கேட்க, மற்றது அனுப்ப.

“டாக்சிக்காரர் ரெண்டு வார்த்தை பேசிட்டு வச்சிருவாரு டீச்சர். நாம விடாமப் பேசுவோம். சூடு தாங்குமா?”

“ஃபேன் வச்சிருக்கேன் சார், தாங்கும்.”

சித்திரை வெயிலில் மாதா கோயில் தேரோட்டம். கூட்டத்தில் செல்போன் எடுபடாது என்பதால் இவர்களை உதவிக்கு அழைத்திருந்தார்கள். உயரமான ஒரு மொட்டைமாடியில் ரிப்பீட்டரோடு நான்சி உட்கார்ந்தாள். சித்தி மகள் ஜெனிபர் தேருக்கு அருகில். ஆவுடையப்பன் ஊர் எல்லையில், ஆம்புலன்சில்.

தேர் நகர்ந்த சிறிது நேரத்தில் ஜெனிபர் வயர்லெஸ்ஸில் கத்தினாள். “அக்கா, மாசமா இருக்கற பொண்ணு விழுந்துருச்சு. பேரு செவந்தியாம். மூச்சு வாங்குது!”

ஆம்புலன்ஸ் கிளம்பியது. ஆனால் எந்தச் சந்து திறந்திருக்கிறது என்பது ஜெனிபருக்குத்தான் தெரியும். இருவரும் விடாமல் பேசினார்கள். குரல் கரகரக்கத் தொடங்கியது. நான்சி செட்டைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினாள். பவரைக் குறைத்தாள். பிளாஸ்டிக் கருகும் வாடை நிற்கவில்லை.

“இது நின்னுரும் போல. நின்னா ரெண்டு பேரும் நேரடி அலைவரிசைக்கு வந்துருங்க!”

சொல்லி முடிப்பதற்குள் செட் செத்தது.

தன் கைக்கருவியை, ரிப்பீட்டர் இல்லாமல் பேசும் நேரடி அலைவரிசைக்கு மாற்றிக் காதில் அழுத்திக்கொண்டாள். இரைச்சல் மட்டும். கடைசிப் பேச்சு அவர்களுக்குக் கேட்டதா? கீழே கொட்டுச் சத்தம்.

“அக்கா... இருக்கியா?”

“சொல்லு ஜெனி!”

“மேற்கால வர வேணாம். பள்ளிக்கூடத்துச் சந்து காலியா இருக்கு.”

ஜெனிபரின் குரல் ஆம்புலன்ஸ் வரை எட்டாது. உயரத்தில் இருந்த நான்சி அதை அப்படியே திருப்பிச் சொன்னாள். “சார், மேற்கால வேணாம், பள்ளிக்கூடத்துச் சந்து.”

“அங்கிட்டே வாரேன் டீச்சர்.” ஆவுடையப்பனின் குரல் மெலிதாக வந்தது.

அவர் சொன்னதை ஜெனிபருக்கும், ஜெனிபர் சொன்னதை அவருக்குமாக நான்சி சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை மாறினாலும் வண்டி கூட்டத்தில் மாட்டிக்கொள்ளும். “ஏத்திட்டாங்க அக்கா” என்று கேட்ட பிறகுதான் கைக்கருவியைக் காதிலிருந்து எடுத்தாள்.

செவந்தியைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தாய்க்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்தில்லை என்று மாலையில் தகவல் வந்தது.

ஆவுடையப்பன் குத்திக்காட்டுவார் என்று நான்சி எதிர்பார்த்தாள். அவர் அவளுடைய கொப்பளித்த விரலைத்தான் பார்த்தார். அதுதான் அவளை அதிகம் சுட்டது.

“கேக்குற செட்டு பழசே இருக்கட்டும் சார், அதுக்குச் சூடேறாது” என்றாள். “அனுப்புறதைப் புதுசா வாங்கிருவோம்.”

“முதல்ல வெரலுக்கு மருந்து போடுங்க டீச்சர்” என்றார் அவர்.