இறக்கை முளைத்தவள் நீட்டிய மாலை

எழுபதுகளின் தொடக்கத்தில், புதுவயல் பக்கம் எங்கள் வயலில் கிணறு வெட்டியபோது ஒரு வெள்ளிக்காசு கிடைத்தது. ஒரு பக்கம், இலைமாலையைத் தலையில் சுற்றிய ராசாவின் முகம். மறுபக்கம், இறக்கை முளைத்த ஒருத்தி நிற்கிற ராசாவின் தலைக்கு மாலை நீட்டுகிறாள். அவளை எங்கள் குலதெய்வம் என்றே முடிவுகட்டி அப்பா தினமும் பூப் போட்டார். குலதெய்வத்துக்கு ஏது இறக்கை என்று கேட்க வீட்டில் யாருக்கும் தைரியமில்லை.

அந்த வருஷம் தாத்தா காலமானார். அய்யனார் கோயிலில் முதல் மரியாதையாக அவர் தலையில் கட்டிவந்த பரிவட்டம் இனி யாருக்கு? மூத்தவன் நான் என்றார் பெரியப்பா. கடைசிவரை கஞ்சி ஊற்றியவன் நான் என்றார் அப்பா. இந்தக் கவலையில் அவருக்குச் சோறே இறங்கவில்லை. திருவிழா அன்று பூசாரி, பூவா தலையா போட்டுப் பார்த்துவிடலாம் என்றார். அப்பா மடியிலிருந்து அந்தக் காசை எடுத்தார். சாமிக்காசை வேண்டாம் என்று பெரியப்பா சொல்ல முடியுமா?

அப்பா தலை கேட்டார். இறக்கைக்காரி மேலே விழுந்தாள். இதில் இரண்டு தலை இருக்கிறது, அந்தப் பக்கம் ஒன்றுதானே என்றார் அப்பா. மாலை இருப்பதால் பூ என்றார் பெரியப்பா. திருப்பினால் அங்கேயும் மாலை! அது இலை, பூவில் சேராது என்று ஒருவர் எழுந்தார். என்ன மரத்து இலை என்று இன்னொருவர் விசாரித்தார். பூசாரி கையில் துணியோடு நிற்க, பொங்கல் ஆறிப்போனது.

கடைசியில் பூசாரி என் பக்கம் திரும்பினார். "காலேசுல சரித்திரம் படிக்கிற புள்ள. நீயே சொல்லு ஆத்தா."

வந்ததே எனக்குப் பெருமை! ராசா முகம் மட்டும் இருப்பதுதான் தலை, விழுந்தது பூ என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். இவள் நம் சாமியே இல்லை, ரோமாபுரியின் வெற்றித் தேவதை, சண்டையில் ஜெயித்த ராசாவுக்கு மாலை போட வருகிறாள் என்றும் விளக்கினேன். இதை யார் கேட்டார்கள்?

பரிவட்டம் பெரியப்பா தலையில் ஏறியது. அப்பா வீட்டுக்கு வந்து, என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னார்:

"எந்த ஊரு ராசாவுக்கோ ஒருத்தி பறந்து வந்து மால போடுறா. எனக்கு நான் பெத்தவளே தட்டிவிட்டுட்டா."