கொசுவலைக்குள் பரங்கிக்கொடி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக்காரர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் ஒன்றில் நாங்கள் இருந்தபோது நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். கைக்குழந்தை ஒன்று. என் வீட்டுக்காரர் ரயில்வேயில் ஃபிட்டர். ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். எங்களுக்கும் வேலை நாட்களைக் குறைத்திருந்தார்கள். பின்பக்கம் சாக்கடை ஓரம் கொஞ்சம் மண் இருந்தது. அதில் நாலு காய் கிடைத்தால் குழம்புக்கு ஆகுமே என்று பரங்கி விதை ஊன்றினேன்.

கொடி வஞ்சனையில்லாமல் வளர்ந்தது. என் வீட்டுக்காரர் மூங்கிலும் பழைய கம்பியும் வைத்து ஒரு கட்டில் அகலத்துக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தார். ஒரு மாதம் கழித்துப் பூத்தது பாருங்கள், பந்தல் முழுக்க மஞ்சள். பரங்கியில் இரண்டு வகைப் பூ உண்டு. ஒன்றுக்கு அடியிலேயே நெல்லிக்காய் போலப் பிஞ்சு இருக்கும். இன்னொன்று நீளக் காம்பில் வெறுமனே மலரும். இதை நான் மலட்டுப் பூ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். சும்மா பூத்து உதிர்வதை ஏன் விட வேண்டும் என்று தினமும் விடியற்காலையில் ஒன்று விடாமல் பறித்து, அரிசி மாவில் தோய்த்துப் பொரித்துவிடுவேன். என்னைப் போலச் சிக்கனக்காரி இந்த லைனிலேயே இல்லை என்று எனக்கு நினைப்பு.

முதல் பிஞ்சு வந்த அன்று பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் நின்று பார்த்தார். அவருடைய கணவரும் ரயில்வேதான். கல்யாணமாகிப் பத்து வருஷம், பிள்ளை இல்லை. என் பிரசவத்தின்போது கஞ்சி வைத்துக் கொடுத்து, துணி துவைத்துப் போட்டு, என் குழந்தைக்கு முதல் எண்ணெய்க் குளியல் செய்துவிட்டவர் அவர்தான்.

"அதோ பாரு, பிஞ்சு விட்டிருக்கு" என்று சந்தோஷத்தில் விரலை நீட்டிக் காட்டிவிட்டார்.

பிஞ்சை விரல் நீட்டிக் காட்டக் கூடாது, காட்டினால் வெம்பிப் போகும் என்பது நம் ஜனங்களிடம் இருக்கும் நம்பிக்கை. காட்டியே ஆக வேண்டுமென்றால் விரலை மடக்கிக் காட்டுவோம். அவருக்கும் அது தெரியும். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. நான்காம் நாள் பிஞ்சு பழுத்து, தொட்டதும் கையோடு வந்துவிட்டது.

எனக்கு அப்போது வாய் நீளம். மறுநாள் காலை, லைனுக்கெல்லாம் பொதுவான தண்ணீர்ப் பைப்படியில், பத்துப் பெண்கள் குடத்தோடு நிற்கும்போது சொல்லிவிட்டேன்.

"பிள்ளை இல்லாத கண்ணு பட்டா பிஞ்சு எப்படித் தங்கும்?"

யாரையும் பெயர் சொல்லவில்லை. சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அவருடைய வாளி அப்போதுதான் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். அந்த வாளித் தண்ணீர் சாயங்காலம் வரை அங்கேயே இருந்தது. ஒருத்தரும் தொடவில்லை.

அதன் பிறகு அவர் வெளியே வந்தால் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போக ஆரம்பித்தார்கள். அவர் யாரும் இல்லாத உச்சி வெயிலில் வந்து தண்ணீர் பிடித்தார். நானோ என் கொடியைக் காப்பாற்றும் மும்முரத்தில் இருந்தேன். எங்கள் கட்டில் கொசுவலையைக் கழற்றிப் பந்தலைச் சுற்றிக் கட்டினேன். ஓட்டைகளைக்கூட விடாமல் தைத்தேன். விளிம்பு பறக்காமல் செங்கல் வைத்தேன். கொடி கொசுவலையில், நாங்கள் கொசுக்கடியில். "கொடிக்கு மலேரியா வந்துடும்னு பயமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். வலைக்குள் கையை விட்டு மலட்டுப் பூக்களைப் பறிப்பதை மட்டும் நான் நிறுத்தவில்லை.

அடுத்தடுத்து மூன்று பிஞ்சுகள் வந்தன. மூன்றும் விழுந்தன. வலையையும் துளைத்துக்கொண்டு போகிறதே அந்தக் கண் என்று நினைத்தேனே தவிர, என் புத்தி வேறு பக்கம் போகவே இல்லை.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் தலை நிமிராமல் சொன்னார்: "பக்கத்து வீட்டுக்காரரு மாத்தல் கேட்டு எழுதிக் கொடுத்துட்டாரு. அவரு சம்சாரம் வெளியவே வர மாட்டேங்குதாம். இங்க இருந்தா அது பைத்தியமாயிடும்ங்கறாரு." நான் தட்டைப் பாதியிலேயே எடுத்து வைத்துவிட்டேன். அதற்காக என் தவறு புரிந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

அந்த வாரத்தில்தான் காய்கறிக்காரச் சீனர் என் பந்தலைப் பார்த்தார். தோளில் மூங்கில் கழி, இரண்டு பக்கமும் கூடை, காலை வெளிச்சம் வந்ததும் எங்கள் பின் சந்தில் நுழைந்துவிடுவார். அவரை நாங்கள் தவுக்கே, அதாவது முதலாளி, என்போம். அவர் எங்களை எல்லாம் தங்கச்சி என்பார். வலை கட்டிய பந்தலைப் பார்த்தவர் கூடைகளை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார் பாருங்கள், எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"புக்கா லா, தங்கச்சி" என்றார். திறந்து விடு என்று அர்த்தம்.

எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் பிஞ்சு தங்கவில்லை என்று சொன்னேன். அவர் சாக்கடைக்கு அப்பால் ஓடியிருந்த கொடியில், நான் பறிக்க மறந்த ஒரு மலட்டுப் பூவைக் கிள்ளிக் கொண்டுவந்தார். இதழ்களை உரித்தார். நடுவில் குச்சி போல ஒன்று, அதில் மஞ்சள் பொடி. அதை என் விரலில் தடவிக் காட்டினார். பிறகு வலைக்குள் முந்தின நாள் வாடியிருந்த பிஞ்சுப் பூவைப் பிரித்து, இந்தப் பொடி அங்கே போய்ச் சேர வேண்டும், அந்த வேலையைத் தேனீ செய்யும் என்று கையால் பறந்து காட்டினார். இது ஆண், அது பெண். புருஷன்மாரை எல்லாம் பொரித்துத் தின்றுவிட்டு, தேனீக்கும் கதவைச் சாத்திவிட்டால் பிள்ளை எங்கிருந்து வரும் என்று கேட்டார். நாளைக்கு மலரப்போகும் இரண்டு பெண் மொட்டுகளையும் சில ஆண் மொட்டுகளையும் காட்டிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். காய்கறி விற்கிறவர், தன்னிடம் வாங்குகிறவளுக்கே காய்க்க வைக்கும் வழியைச் சொல்லிவிட்டுப் போகிறாரே என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

விரலில் ஒட்டிய அந்தப் பொடியைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஒன்றுக்கும் உதவாது என்று நான் பொரித்துத் தின்ற பூவில் இருந்ததா என் காய்? அப்படியானால் பைப்படியில் நான் சொன்ன வார்த்தை?

அன்று மத்தியானமே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் பாதிதான் திறந்தார். இளைத்துப்போயிருந்தார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"இத எங்கிட்ட வந்து சொல்றியே. அத பைப்படியிலதானே சொன்னே?"

"நாளைக்குக் காலையில எல்லார் முன்னாலயும் சொல்றேங்க்கா. நீங்களும் வாங்க. உங்க கையால அந்தப் பூவத் தொட்டு வைங்க. அப்புறம் எல்லாரும் பார்க்க விரல நீட்டிக் காட்டுங்க."

"விழுந்துச்சுன்னா?"

கதவு சாத்திக்கொண்டது.

மறுநாள் விடிந்ததும் பைப்படிக்குப் போய், கூச்சத்தை விட்டு, நான் செய்த முட்டாள்தனத்தைச் சொன்னேன். வேடிக்கை பார்க்கவாவது எல்லாரும் என் வீட்டுப் பின்பக்கம் வந்தார்கள். தவுக்கே சொன்னபடி இரண்டு பெண் பூக்கள் மலர்ந்திருந்தன. ஒரு பக்க வலையை மட்டும் தூக்கிக் கட்டினேன். மறு முனையில் இருந்த பூவை மட்டும் வலைத்துணியால் நன்றாகச் சுற்றி, யார் கண்ணிலும் படாமல் மறைத்து வைத்தேன். அதற்குப் பொடி தொட்டு வைக்கக்கூடத் தோன்றவில்லை. ஏன் என்று கேட்டால், பயம்தான். அவர் காட்டிய பிஞ்சு விழுந்துவிட்டாலும் எனக்கு இது ஒன்றாவது மிஞ்சட்டும் என்ற கள்ளத்தனம். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஒரு பிஞ்சை அவரிடமிருந்து ஒளித்தவள் நான்.

அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். ஆண் பூவை நீட்டினேன். பெண் பூவின் நடுவில் அந்தப் பொடியை மெல்ல ஒற்றினார். பிறகு, பழக்கத்தில், விரலை மடக்கியபடியே பிஞ்சைக் காட்டினார். நான் அந்த விரலைப் பிடித்து நிமிர்த்தி விட்டேன். சில்லென்று இருந்தது. யாரோ பின்னால் "முருகா" என்று முணுமுணுத்தது கேட்டது.

அவர் போன பிறகு நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வலை தூக்கிய பக்கமாக ஒரு தேனீ வந்தது. பிறகு இன்னொன்று. அதற்குள் ஏழெட்டு. உடம்பெல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டு ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குப் போயின. இத்தனை ரயில் புகையிலும் கரித்தூளிலும் இவை எங்கே குடியிருந்தன? நான் தூங்கி எழுவதற்கு முன்னே யாரும் கூப்பிடாமல் வந்து, ஊரில் இருக்கும் அத்தனை பேருடைய குழம்புக்கும் வேலை பார்த்துவிட்டுப் போகின்றன. கோயிலில்கூட எனக்கு அப்படி உடம்பு சிலிர்த்ததில்லை.

நான்காம் நாள் காலை போய்ப் பார்த்தேன். ஒருத்தர் கண்ணும் படாமல் சுற்றி வைத்திருந்த பிஞ்சு மஞ்சளாகி மண்ணில் கிடந்தது. அவர் விரல் நீட்டிக் காட்டியது எலுமிச்சம்பழ அளவுக்கு உருண்டு, பச்சைப் பசேலென்று மினுமினுத்தது. ராத்திரிக்கு ராத்திரி அது பெருத்ததைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. விழுந்த பிஞ்சைப் பைப்படிக்கு எடுத்துப் போய், ஒளித்து வைத்த கதையையும் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, அந்த அக்கா காலையிலேயே வாளியோடு வந்தபோது, கடைசி வீட்டுப் பெண் தன் குழந்தையை அவரிடம் நீட்டினாள்.

"கொஞ்சம் புடிங்க்கா, தண்ணி புடிச்சுக்கறேன்."

அவர் குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். தண்ணீர் பிடிக்க வந்ததையே மறந்தவர் போலப் பைப் பக்கமே திரும்பவில்லை. நான் என் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் எழுதிக் கொடுத்தது எழுதிக் கொடுத்ததுதான். மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. பரங்கி தேங்காய் அளவு ஆனபோது அவர்கள் கிள்ளானுக்குப் போய்விட்டார்கள். அது முற்றியதும் நானே அறுத்து, இடுப்பில் குழந்தையும் மடியில் பரங்கியுமாகக் கிள்ளான் ரயிலேறினேன். அவர் அதை இரண்டாகப் பிளந்தார். உள்ளே விதைகள் அடை அடையாக இருந்தன. ஒவ்வொரு விதைக்கும் அந்தப் பொடியில் ஒரு துளி போயிருக்க வேண்டும். பிறகு அவர் விதைகளைச் சாம்பலில் புரட்டி முறத்தில் பரப்பினார்.

"பின்னால ஊனப் போறேன். பிஞ்சு விட்டதும் சொல்லி அனுப்பறேன்" என்றார். "நீ வந்து விரல் நீட்டிட்டுப் போ."

சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். எனக்குக் கண் மறைத்துவிட்டது.

இன்றும் பிஞ்சைப் பார்த்தால் என் விரல் தானாக மடங்குகிறது. வேண்டுமென்றே நிமிர்த்திக் காட்டுகிறேன். அவருடைய விரல் பட்டு ஒரு பிஞ்சும் வாடவில்லை. பைப்படியில் நான் நீட்டிய விரலால்தான் ஒரு வீடு காலியானது என்பதை எந்தப் பரங்கிப் பூவும் எனக்கு மறக்க விடுவதில்லை.