பச்சைச் சட்டைக்கு ஆறு பேர்

ஜெராக்ஸ் அக்காவைத் தெரியாதவர் அந்த ஊரில் கிடையாது. நூலகத்துக்குள்ளேயே, நாளிதழ் மேசைக்கும் கழிப்பறைக்கும் நடுவில், நகலெடுக்கும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஊரின் பழைய படங்களையும் குரல்களையும் இணையத்தில் ஏற்றி வைக்கலாம் என்று நூலகருக்கு ஆசை வந்தபோது, "மிஷினையே மிரட்டி வேலை வாங்குற ஆள் நீங்கதான்" என்று அந்த வேலையை அக்கா தலையில் கட்டிவிட்டார். அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

ஆல்பங்கள் வந்தன. பிறகு மைக் செட்காரர் ஒரு சாக்கு நிறைய கேசட்டுகளைக் கொண்டுவந்து இறக்கினார். பொருட்காட்சிகளில் அறிவிப்பு செய்தவர் அவர். தன் குரலைத் தானே கேட்டு ரசிக்கிற ஆசையில், மைக்கில் பேசியதையெல்லாம் பதிவு செய்து வைத்திருந்தார்.

ஒரு கேசட்டைக் கணினிக்கு மாற்றும்போது அக்கா திடீரென்று மேசையில் கவிழ்ந்து குலுங்கினார். அழுகிறாரோ என்று நூலகர் ஓடிவந்து ஹெட்போனை வாங்கிக் கேட்டார்.

"பச்சைச் சட்டை போட்ட பையன் ஒருத்தன் தனியா நிக்கிறான். தம்பி, அப்பா பேரு என்ன?"

"அப்பா."

"அது சரி. அம்மா அவரை எப்படிக் கூப்பிடுவாங்க?"

"என்னங்க."

"பொதுமக்கள் கவனத்துக்கு. 'என்னங்க' என்பவர் எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும்."

அந்த இடத்தோடு வெட்டி இணையத்தில் போட்டார் அக்கா. அவ்வளவுதான், ஊர் கிறுகிறுத்துப் போனது. கடைத்தெருவில் யாராவது "என்னங்க" என்றால் பத்துப் பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தப் பையன் நான்தான் என்று ஒருவர் பின் ஒருவராக ஆறு பேர் ஃபோன் செய்தார்கள். அதில் ஒருவர் பெண்.

அக்கா ஆறு பேரையும் ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்கு வரச் சொன்னார். மிச்சப் பதிவு அவர் கையில் பத்திரமாக இருந்தது.

"அதுக்கப்புறம் பையன் என்ன சொன்னான்?" என்று ஒவ்வொருவரையும் கேட்டார்.

அழுதேன் என்றார் வங்கி மேலாளர். ஐஸ் கேட்டேன் என்றார் தையற்கடைக்காரர். "எனக்கும் பச்சைச் சட்டை இருந்துச்சே" என்று மட்டும் சொன்னார் அந்த அம்மாள். கடைசியாக ஒரு லாரி டிரைவர், முறுக்கு மீசைக்காரர், தன் அப்பாவையும் கைப்பிடித்துக் கூட்டி வந்திருந்தார். அவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "நான் காணாமப் போகல. எங்க அப்பாதான் காணாமப் போயிட்டாருன்னு சொன்னேன்."

அக்கா பொத்தானை அழுத்தினார். அதே வார்த்தைகள், கீச்சுக் குரலில். சிரிப்பில் நூலகமே அதிர்ந்தது.

"பொய்," என்றார் கிழவர். "இவன்தான் கையை உதறிட்டு ஓடினான்."

"நீங்கதான் ராட்டினத்தை வாய் பிளந்து பாத்துக்கிட்டு நின்னீங்க."

"உங்க அம்மா அதுல ஏறணும்னு கேட்டா, அதான் பாத்தேன்டா."

"ரெண்டு பேரும் கொஞ்சம் மைக் பக்கத்துல வந்து சண்டை போடுங்க," என்றார் அக்கா, பதிவுக் கருவியை நகர்த்தியபடி.

மற்ற ஐந்து பேரும் வீட்டுக்குப் போகவில்லை. தாங்களும் சின்ன வயதில் எங்கேயாவது தொலைந்து போனவர்கள்தானாம். வங்கி மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சந்தையில் தான் வேறு யாருடைய அம்மாவின் பின்னாலேயோ போய் அவர்கள் வீட்டில் சாப்பிட்டும் விட்ட கதையை ஆரம்பித்தார்.