பதினோரு மணிக்குள் கணவாய்

ஐம்பத்து நான்காவது வயதில் எனக்கு மாரடைப்பு வந்தது. அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். இடது தோள் கனத்தது. அன்று மாலைக்குள் ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு எல்லோருமாகச் சேர்ந்து என்னைப் பீங்கான் சாமான் ஆக்கினார்கள். முதல் மாடியிலிருந்த என் மேசை தரைத்தளத்துக்கு இறங்கியது. காய்கறிப் பையைத் தூக்கினால் யாராவது ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார்கள். ஒரு கல்யாணத்தில் பந்திக்கு நடக்க வேண்டாமென்று, நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கே தட்டில் சாப்பாடு வந்தது. எல்லாம் அன்புதான். இரண்டு வருடம் பொறுத்தேன்.

அப்போதுதான் போனில் ஒரு மலையேற்றக் குழுவின் அறிவிப்பைப் பார்த்தேன். ஜவ்வாது மலையில் ஒரு நாள் நடை. ஒரு மலைக்கிராமத்தில் கிளம்பி, ஒரு கணவாயைக் கடந்து, மறுபக்கமாக இறங்கி, அதே கிராமத்துக்கு வந்துசேரும் வளையப் பாதை. பதினேழு கிலோமீட்டர். கடினமானது என்று போட்டிருந்தார்கள். புதுச்சேரியில் பிறந்து வளர்ந்த எனக்கு மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான். ஆனாலும் அந்தச் சொல்லைப் பார்த்ததும் மனசு அதிலேயே நின்றுவிட்டது.

முதலில் டாக்டரிடம் போனேன். டிரெட்மில்லில் ஓடவைத்துப் பார்த்தார்.

"நாலு மாசம் பயிற்சி எடுத்துட்டு ஏறுங்க. ஏறும்போது பக்கத்துல இருக்கறவங்ககிட்ட பேச முடியணும். பேச முடியலன்னா அங்கயே நின்னுடணும்."

குழுவின் படிவத்தில் நோய் விவரம் கேட்டிருந்தார்கள். உள்ளதை எழுதினேன். மறுநாளே ஒரு வரியில் பதில் வந்தது: உங்கள் பாதுகாப்பைக் கருதி இயலாது. டாக்டரின் சீட்டை அனுப்பட்டுமா என்று கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை. சரி, நானே திட்டம் போட்டுக்கொள்கிறேன் என்று புது நோட்டு ஒன்று வாங்கினேன்.

என் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் தெருவில் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்றால்தான் தெரியும். இளவயதில் முதுகில் சுமையோடு பனிமலைகளில் நடந்தவர். அவராவது சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"மலைன்னா இன்னான்னு தெரியுமா ஒனக்கு? நான் ஏறியிருக்கேன். அதனாலதான் வேணாம்னு சொல்றேன்."

"ஏறினீங்க, எறங்கியும் வந்தீங்க இல்ல?"

"எனக்கு அப்ப இருவத்திரண்டு வயசு."

"டாக்டரே ஏறலாம்னு சொல்லிட்டாரு."

"டாக்டரு அன்னிக்கு ஆஸ்பத்திரில வெளிய பெஞ்சில உக்காந்து காத்துக்கினு இருக்கல. நான் உக்காந்திருந்தேன்."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதற்காகப் போகாமல் இருக்க முடியுமா? நோட்டின் முதல் பக்கத்தில் தண்ணீர், மாத்திரை, வழிகாட்டி என்று எழுத ஆரம்பித்தேன்.

துணைக்கு ஆள் வேண்டும். எனக்குப் பழக்கமான மீன்காரி ஒருத்தி உண்டு. குருசுக்குப்பத்தில் வீடு. விடியற்காலையில் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஏலம் எடுத்து, எங்கள் தெருப்பக்கம் விற்க வருவாள். என்னைவிட எட்டு வயது சின்னவள். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரம், எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, "யக்கா, கூடையைக் கொஞ்சம் எறக்கி வுடு" என்று கேட்ட ஒரே ஆள் அவள்தான். அவளிடம் சொன்னேன்.

"மலையில இன்னா இருக்குது?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல. சுத்திட்டு வரலாம்."

"ஞாயித்துக்கிழமை யாவாரம் பாக்கணும். திங்கக்கிழமைன்னா வர்றேன்."

எங்கள் அடுக்ககத்தில் நான்கு மாடி. தோள்பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு ஏறி இறங்கினேன். முதல் நாள் இரண்டு முறை. மூன்றாவது மாதத்தில் பதினைந்து முறை. லிஃப்ட் இருக்கும்போது எதற்கு இந்த வேலை என்று அடுக்ககச் சங்கச் செயலாளர் கேட்டார். லிஃப்ட் மலைக்கு வராது என்றேன். வாரத்தில் இரண்டு நாள், மீன்காரியின் வியாபாரம் முடிந்த பிறகு, பஸ் பிடித்துப் பிள்ளைச்சாவடிக்குப் போவோம். கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் பெரிய பாறாங்கற்களில் ஏறி இறங்குவோம். அவள் வெறுங்காலில் தாவிப் போவாள். நான் நாலு காலில் தவழ்வேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

வனத்துறை அனுமதிக்கு மூன்று முறை அலைந்தேன். அந்தக் கிராமத்திலேயே ஒருவரை வழிகாட்டியாகப் பிடித்தோம். தேன் எடுக்கப் போகிறவர். போனில் அவரிடம் கேட்டுக் கேட்டு நேரக் கணக்குப் போட்டேன். காலை ஆறுக்குக் கிளம்ப வேண்டும். பதினோரு மணிக்குள் கணவாயில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். கடைசி வரியை இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

மழைக்காலம் முடிந்து முதல் திங்கட்கிழமை போனோம். ஓடையை ஒட்டிய லேசான சரிவுப் பாதையில் ஏறி, மறுபக்கச் செங்குத்துப் பாறையில் இறங்குவதாகத் திட்டம். ஓடையில் தண்ணீர் நிறைய இருந்தது. ஐந்து இடத்தில் கடக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் நேரம் போயிற்று. மீன்காரியின் செருப்பு வார் அறுந்தது. கணவாய்க்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று முப்பத்தைந்து.

"அரை மணிதானேம்மா லேட்டு, எறங்கிடலாம்" என்றார் வழிகாட்டி.

மீன்காரி என்னைப் பார்த்தாள். கீழே எட்டிப் பார்த்தேன். ஈரப்பாறை பளபளத்தது. எனக்கு அழுகை வந்தது. ஆனாலும், "திரும்பலாம்" என்றேன்.

வீட்டில் கணவர், "சொன்னேன்ல" என்றார். அலுவலகத்தில் இரண்டு பேர், உங்களுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்றார்கள். யாரும் என்னைத் திருப்பி அனுப்பவில்லை, என் திட்டப்படி நான் திரும்பினேன் என்று சொல்லிப் பார்த்தேன். யார் காதிலும் ஏறவில்லை. அன்றே வனத்துறைக்கு அடுத்த விண்ணப்பத்தை எழுதினேன்.

ஒரு மதியம் மீன்காரிக்குப் போனில் மலையின் வரைபடத்தைக் காட்டினேன். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் லேசான சரிவு என்று சொன்னேன். அவள் மீன் செதில் ஒட்டிய விரலால் எங்கள் பாதையின் வட்டத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, இத்த திருப்பிப் போனா இன்னா? வெயிலுக்கு முன்னாடி பாறைய ஏறிடலாம். கஷ்டத்த மொதல்ல முடிச்சிக்கினா, மிச்சம் சும்மா நடந்து எறங்கறதுதான்."

நாலு மாதமாக நோட்டு நோட்டாக எழுதிய எனக்கு இது தோன்றவே இல்லை. அவளை அணைத்துக்கொண்டேன். கவுச்சி இரண்டு நாள் போகவில்லை.

தை மாதத்தில் மறுபடி கிளம்பினோம். இந்த முறை பாறைதான் முதலில். கைகளை ஊன்றி ஏற வேண்டிய இடம். மீன்காரி பின்னாலிருந்து ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள்: நேற்று என்ன குழம்பு, அலுவலகத்தில் யாருக்கு மாற்றல். நான் பதில் சொல்லவில்லையென்றால், "நில்லு" என்பாள். நின்றுவிடுவோம். பாதிப் பாறையில் நெஞ்சை ஏதோ இறுக்கியது. உட்கார்ந்து, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். வழிகாட்டி என் தோள்பையின் நெஞ்சுப்பட்டையைத் தளர்த்தினார். இறுக்கம் போய்விட்டது. இருந்தாலும் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பயம் போகவில்லை. அதோடேயே ஏறினேன்.

கணவாயில் நின்றபோது மணி பத்து இருபது. காற்று முந்தானையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. மீன்காரி எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தாள். மூவரும் பகிர்ந்து சாப்பிட்டோம். பிறகு ஓடைப் பக்கமாக இறங்கினோம். இரண்டு இடத்தில் உட்கார்ந்தே சறுக்கினேன். மூன்றே முக்காலுக்குக் கிளம்பிய இடத்துக்கே வந்துசேர்ந்தோம்.

கிராமத்துக் கோயில் மேட்டில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று வீட்டுக்குப் போன் செய்தேன்.

"முடிச்சிட்டேன். முழு சுத்தும்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"சாப்ட்டியா?" என்றார் கணவர்.

"சாப்ட்டேன்."

"சரி. ஆசை தீந்துச்சில்ல? இனிமே போதும்ல?"

"போதாது" என்றேன்.